ஜெயபாலின் வண்டிகள்

வேப்பம்பட்டில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் போன மாதம் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. எதிர்வீட்டுப் பையன் வாங்கியது. புத்தம் புதிய வண்டிதான், ஆனால் பார்த்தால் பழைய காலத்து வண்டிபோலச் செய்திருக்கிறார்கள். வட்ட விளக்கு, உருண்ட டாங்க், டாங்கின் இரு பக்கமும் பொன்னிறக் கோடு. சுற்றிலும் நாலைந்து பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பால் பாக்கெட்டோடு வந்துகொண்டிருந்தேன். பையன் என்னைப் பார்த்து, "எப்டி கீது அங்கிள்?" என்றான். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். சொல்லும்போதே பொறாமை கிளம்பிவிட்டது. மேலே வந்து பாலை அடுப்பில் வைத்த பிறகும் அது அடங்கவில்லை.

முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற வயதில் ஒருவனுக்கு மோட்டார் சைக்கிளைப் பார்த்துப் பொறாமை வருமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு வரும். நன்றாகப் பழகிய பொறாமை அது. சொல்லப்போனால் அந்தப் பையன்மீது எனக்குக் கோபமே இல்லை. அவன் வண்டியிலிருந்து கிளம்பிய பெட்ரோல் வாசனை என்னைக் கும்மிடிப்பூண்டிக்குக் கொண்டுபோய், ஜெயபாலின் கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டது. அவ்வளவுதான்.

ஜெயபால் என்னோடு வேலை பார்த்தவன். எழுபதுகளின் தொடக்கத்தில் கும்மிடிப்பூண்டியில் புதிது புதிதாக ஆலைகள் வந்துகொண்டிருந்தன. அதில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் நான் ஸ்டோர்ஸில் இருந்தேன். நட்டு, போல்ட், பேரிங் எல்லாம் எண்ணிக் கொடுக்கிற வேலை. அவன் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். ஆந்திர எல்லைப் பக்கத்துக் கிராமம் அவனுக்கு. பெரியவர் சின்னவர் வித்தியாசமில்லாமல் எல்லாரையும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவான். நான் திருவள்ளூர்க்காரன். ஊரிலிருந்து ஆலைக்குப் போகவேண்டுமானால் மெட்ராஸ் வரை ரயிலில் போய், அங்கே வேறு ரயில் மாறித் திரும்பவும் வடக்கே வரவேண்டும். அதனால் இரண்டு பேரும் ஸ்டேஷன் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். ஒரே வயது, ஒரே சம்பளம், ஒரே மெஸ், ஒரே மாதிரி மீசைகூட. எங்களுக்குள் வித்தியாசம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். அவனிடம் வண்டிகள் இருந்தன.

வண்டி என்றால் கண்ட வண்டியும் இல்லை. போருக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த மோட்டார் சைக்கிள்கள். வெள்ளைக்காரர்கள் ஊருக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனவை, ஜமீன்தார் வீடுகளில் துருப்பிடித்துக் கிடந்தவை. அவற்றின் கம்பெனிப் பெயர் எங்களில் பாதிப் பேருக்கு வாயில் நுழையாது. டாங்கின்மேல் என்ன எழுதியிருக்கிறதோ அதை வைத்து மூணெழுத்து வண்டி, றெக்கை வண்டி என்று பெயர் வைத்துக்கொள்வோம். முன் சக்கரத்துக்குமேல் ஒற்றைச் சுருள் வில், கையால் மாற்றுகிற கியர், சைக்கிளுக்கு இருப்பதுபோல ஸ்பிரிங் வைத்த சீட்டு. இன்றைக்குப் பார்த்தால் பொம்மைபோலத் தெரியும். அன்றைக்கு அதில் ஒன்று தெருவில் போனால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் எச்சில் கையோடு வாசலுக்கு வருவான்.

ஆலைக்குப் பின்புறம் ஒரு செங்கல் சூளைக்காரரின் கொட்டகை காலியாகக் கிடந்தது. அதை ஜெயபால் கேட்டு வாங்கிக்கொண்டான். உள்ளே நுழைந்தால் முதலில் மண்ணெண்ணெய் வாசனை மூக்கில் ஏறும். பாகங்களைக் கழற்றி மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறப் போட்டிருப்பான். அங்கே முதலில் வந்த வண்டி பொன்னேரிப் பக்கம் ஒரு களத்தில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன். யாரோ ஒரு புண்ணியவான் அதன் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, என்ஜினை மட்டும் மரச்சட்டத்தில் பொருத்தி, பெல்ட் போட்டுக் கடலை உடைக்கும் மெஷினோடு இணைத்திருந்தார். சக்கரங்கள் ஒரு தள்ளுவண்டியில் ஓடிக்கொண்டிருந்தன. டாங்கில் அவர் வீட்டு அம்மா விதை நெல் வைத்திருந்தார். ஜெயபால் அந்தக் களத்துக்காரருக்கு வேறொரு பழைய டீசல் என்ஜினை ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டு, இதைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்து சேர்த்தான். அதை ஓட வைக்க அவனுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. ஓடிய அன்றைக்கு நானும் கைதட்டினேன். அதுவரை எனக்கு வண்டிமேல் ஆசை இருந்தது, பொறாமை கிடையாது.

பொறாமை ஆரம்பித்தது இரண்டாவது வண்டியில். அது திருவள்ளூரில், என் சொந்த ஊரில், நான் பள்ளிக்கூடம் போய் வந்த தெருவில், ஒரு வயதான டாக்டர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடைத்தது. பத்து வருஷம் அந்த வீட்டைத் தாண்டித்தான் நடந்தேன். அந்த வீட்டு மாமரத்தில் கல்லெறிந்து காவல்காரரிடமிருந்து ஓட்டம் பிடித்திருக்கிறேன். மாமரத்துக்குப் பின்னால் சைடுகாரோடு ஒரு வண்டி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பொங்கலுக்கு என்னோடு ஊருக்கு வந்த ஜெயபால், தெருவில் நடந்துகொண்டே இருந்தவன், சட்டென்று நின்று காம்பவுண்டுச் சுவருக்குமேல் எட்டிப் பார்த்தான். "நைனா, உள்ள ஒண்ணு கீது" என்றான். அவனுக்கு எப்படித்தான் தெரிந்ததோ.

போய்க் கேட்டோம். சைடுகாரில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. டாக்டர் வண்டியை இழுத்துக்கொண்டு போங்கள் என்று உடனே சொல்லிவிட்டார். நான் கோழியைத் தூக்கப் போனேன். ஜெயபால் வேண்டாம் என்று தடுத்துவிட்டு, குஞ்சு பொரித்த பிறகு வந்து எடுத்துக்கொள்கிறோம் சார் என்றான். டாக்டருக்கு அவனை மிகவும் பிடித்துப்போய்விட்டது. அடுத்த மாதம் போனபோது வண்டியோடு அதன் டூல் பெட்டியையும், தான் வெள்ளைக்காரத் துரையிடமிருந்து வாங்கிய தோல் கையுறையையும் சேர்த்து அவனிடம் கொடுத்தார். கோழியைத் தூக்கப் போன எனக்கு ஒரு டம்ளர் மோர் கிடைத்தது.

அதன் பிறகு நானும் சும்மா இருக்கவில்லை. எனக்கும் ஒரு வண்டி வேண்டும் என்று தேடி அலைந்து, ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒன்றைக் கண்டுபிடித்து, மாட்டுவண்டியில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவந்தேன். ஜெயபால் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு மெதுவாக, மனம் நோகாமல், முன்பக்கம் ஒரு கம்பெனி, பின்பக்கம் ஒரு கம்பெனி, என்ஜின் மூன்றாவது கம்பெனி என்று விளக்கினான். கொஞ்ச நேரம் விட்டால் டாங்கும் வேறு என்று சொல்லியிருப்பான். ஆனாலும் விடவில்லை நான். பல மாதம் பாடுபட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை உதைத்து ஸ்டார்ட் செய்தேன். அது திருப்பி உதைத்தது. கணுக்கால் வீங்கி ஒரு வாரம் லீவு போட்டேன். அந்த ஒரு வாரமும் மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வாங்கிவந்து கொடுத்தவன் ஜெயபால். அதற்காகவும் அவன்மேல் எரிச்சலாக இருந்தது. பொறாமை பிடித்தவனுக்கு நன்றி சொல்வதுபோலக் கஷ்டமான காரியம் வேறில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகைக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஆலைத் தொழிலாளிகள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஒரு முறை எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் காரை நிறுத்தி இறங்கி வந்தார். ஜெயபாலிடம் பெயர் சொல்லிப் பேசினார், தோளில் தட்டினார். போகும்போது என்னைப் பார்த்து, "நீ ஸ்டோர்ஸ்தானே?" என்றார். சோழவரத்தில் பந்தயம் நடக்கும் நாட்களில் நாங்கள் இருவரும், முன்பு கடலை உடைத்த அந்த றெக்கை வண்டியில் போவோம். பந்தயம் நடக்கும் இடம் போர்க்காலத்தில் விமானம் இறங்கப் போட்ட ஓடுபாதை. பகலெல்லாம் வெயிலில் நின்று, காதடைக்கக் காதடைக்கப் புது வண்டிகள் பறப்பதைப் பார்ப்போம். ஆனால் திரும்பும்போது கூட்டம் பந்தய வண்டிகளை விட்டுவிட்டு எங்கள் வண்டியைச் சுற்றிக்கொள்ளும். எங்கள் வண்டி என்று எழுதிவிட்டேன். அவன் வண்டி. நான் பின்சீட்டு.

பந்தயத்தில் என்ஜின்களுக்கு ஊற்றும் ஆமணக்கெண்ணெய் எரிகிற வாசனை ஒன்று உண்டு. இனிப்பும் கசப்புமாக இருக்கும். அந்த வாசனை பிடித்தவர்களுக்குக் கருவாட்டு வாசனையும் பிடிக்கும் என்பது என் அனுபவம். கருவாடு என்றதும் பழவேற்காடு வந்துவிடுகிறது. இனி அதைச் சொல்லாமல் தப்பிக்க முடியாது.

ஆலையில் ஒரு பெரியவருக்குப் பிரிவு உபசார விருந்து. இறால் வாங்கிவர என்னைப் பழவேற்காட்டுக்கு அனுப்பினார்கள். கரையில் இறால் வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்புகிற வழியில், கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு பெரிய பழைய வீடு. அந்தக் காலத்தில் கடல் வழியாக வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்து வீடு. கதவு திறந்திருந்தது. முற்றத்தின் மூலையில் நார் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அதற்கு நடுவிலிருந்து ஒரு ஹேண்டில்பார், மாட்டுக்கொம்பு மாதிரி வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கையில் ஐஸ் போட்ட இறால் கூடை சொட்டச் சொட்ட நான் அப்படியே நின்றேன். என் வாழ்நாளில் ஓர் அசல் வண்டியை முதலில் பார்த்தவன் நான் என்பது அந்த ஒரு முறைதான்.

பார்த்தவன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா இல்லையா? அறைக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஜெயபாலிடம் சொல்லிவிட்டேன். அவன் பெருமூச்சு விட வேண்டும், நான் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் சொன்னேன். அவன் பெருமூச்சு விடவில்லை. "நாளைக்கே போலாம் நைனா" என்றான்.

அந்த வீட்டில் இருந்தவர் ஜைனபு அம்மா. அறுபது வயதுக்கு மேலிருக்கும். கணவர் காலமாகிப் பல வருஷம். ஒரே மகன் பினாங்கில். துணைக்கு அவருடைய அக்கா மகள் நூர்ஜஹான் இருந்தாள். உப்பு இலாகாவில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து கணவர் வாங்கிய வண்டி அது. அதில்தான் அவர் பொன்னேரிக்குப் போய் ரயில் பிடிப்பாராம். அம்மா கதவுத் திரைக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார். குரல் மட்டும் வரும். வண்டி விற்பதற்கில்லை என்றார். நாங்கள் திரும்பிவிட்டோம். மறுபடி போனோம். மறுபடியும் அதே பதில். அப்புறம் மாதத்தில் இரண்டு ஞாயிறாவது போவது வழக்கமாகிவிட்டது. நான்தான் பேசுவேன். வண்டியின்மேல் எனக்கு எவ்வளவு மரியாதை, எப்படிப் பாதுகாப்பேன் என்றெல்லாம் அழகாக எடுத்துச் சொல்வேன். ஜெயபால் சும்மா நின்றுகொண்டிருப்பான். போகப் போக அம்மாவின் குரல் என்னிடம் கொஞ்சம் இளகி வருவதாகவே எனக்குப் பட்டது.

அது சித்திரை மாதம். எனக்கு ஒரு பழக்கம், எங்கே போனாலும் காலை நாஷ்டா சாப்பிடாமல் கிளம்ப மாட்டேன். அன்றைக்கு வண்டி கழற்றிக் கிடந்ததால் பஸ்ஸில்தான் போனோம்; பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் இட்லி, வடை என்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். ஜெயபால் பசிக்கவில்லை என்று ஒரு டீயோடு நிறுத்திக்கொண்டான். பஸ் வழியில் பஞ்சராகிப் பாதி தூரம் வெயிலில் நடந்தோம். அம்மா வீட்டு முற்றத்துக்குப் போய்ச் சேர்ந்து, நான் வழக்கம்போலப் பேச்சை ஆரம்பித்தேன். பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் ஜெயபால் நார் மூட்டைமேல் விழுந்து கிடக்கிறான்.

திரை விலகியது. அத்தனை மாதமாக நாங்கள் பார்க்காத ஜைனபு அம்மா வெளியே ஓடிவந்தார். அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு முகத்தில் தண்ணீர் தெளித்தார். நூர்ஜஹான் கஞ்சி கொண்டுவந்தாள். அவன் கண் திறந்ததும் அம்மா கேட்டது இது:

"காலைல இன்னா சாப்ட்ட வாப்பா?"

"டீ குடிச்சேம்மா."

"ஒங்கம்மா இருந்தா இப்பிடி வெறும் வயித்தோட அனுப்புவாளா?"

அம்மா இல்லை என்றான். சின்ன வயசிலேயே போய்விட்டாள் என்றான். நிஜம்தான் அது, நாடகம் எதுவும் இல்லை. அவ்வளவுதான், முடிந்தது. அம்மா தன் கையால் அவனுக்குக் கஞ்சி புகட்டினார். நான் பக்கத்தில் தூண்போல நின்றேன். எனக்கும் அதே வெயில்தான். ஆனால் எனக்கு மயக்கம் போடத் தெரியவில்லை. இட்லி தின்றதால் ஒரு மோட்டார் சைக்கிளை இழந்தவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்த முறை போனபோது அம்மாவே வண்டிப் பேச்சை எடுத்தார். ஜெயபாலைப் பார்த்து, எடுத்துக்கொண்டு போ, ஆனால் ஓட்டிக்கொண்டு இங்கே வந்து காட்டவேண்டும் என்றார். நார் மூட்டைகளை நகர்த்திவிட்டு ஒவ்வொரு பாகமாகத் தடவிப் பார்த்தேன். முழு வண்டி. ஒரு பாகமும் மாறாத வண்டி. டாங்கில் பொன் எழுத்துகூட அழியவில்லை. உப்புக்காற்று தின்றதுபோக மிச்சம் எல்லாமே அசல். நான் ஒரு பக்கம் பிடித்துத் தள்ள, அவன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான்.

அந்த வண்டியைச் சரிசெய்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நான்தான் மண்ணெண்ணெய்த் தட்டில் கைவிட்டுத் தேய்த்தவன். மின்பொறி கொடுக்கிற மேக்னெட்டோ உள்ளே முழுவதும் அரித்துப் போயிருந்தது. அது இல்லாமல் வண்டி இல்லை. மெட்ராஸில் புதுப்பேட்டையில் பழைய இரும்புக் கடைகளில் நான்தான் தேடினேன். ஒரு கடையில் கையெட்டாத தட்டில், துணியில் சுற்றிக் கிடந்ததைப் பார்த்தபோது, ஐயோ கிடைத்துவிட்டதே என்றுதான் முதலில் தோன்றியது. வாங்கி, டிபன் பையில் வைத்துக்கொண்டு ரயிலேறினேன். வழியெல்லாம் மடியில் குழந்தைபோல வைத்துக்கொண்டு வந்தேன். ஜெயபால் அதைப் பார்த்ததும் என்னைக் கட்டிக்கொண்டான். அவன் சட்டையின் எண்ணெய் என் வெள்ளைச் சட்டையெல்லாம் ஆகிவிட்டது. நான் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு நின்றேன்.

வண்டியைக் காட்டப் போனோம். தெருவே கூடிவிட்டது. அம்மா கதவோரம் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். ஜெயபால் ஒரே உதையில் ஸ்டார்ட் செய்தான். என்ஜின் படபடவென்று ஓடியது. அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இது அவங்க வண்டி சத்தம் இல்லையே என்றார். அவங்க வந்தா மெதுவா வரும் என்றார்.

ஜெயபால் யோசித்தான். அந்த வண்டிகளில் ஹேண்டிலில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும். அதைப் பின்னால் இழுத்தால் பொறி தாமதமாக விழும், என்ஜின் நிதானமாக ஓடும். அவன் அதை முழுவதும் இழுத்து, பெட்ரோலையும் குறைத்தான். படபடப்பு அடங்கியது. டக்... டக்... டக்... என்று, ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவில், நின்றுவிட்டதோ என்று நினைக்கிற அளவு இடைவெளி விட்டு ஓடியது.

"ஆங். இதான்" என்றார் அம்மா. "கொஞ்ச நேரம் ஓடட்டும் வாப்பா. நிறுத்தாத."

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்திய பிறகு, மாதம் ஒரு தடவை கொண்டுவந்து இந்தச் சத்தத்தைக் கேட்க வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஜெயபால் சரி என்றான். அவன் அந்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தான். ஒவ்வொரு மாதமும் போனோம். அவனுக்கு மீன் குழம்பு, புட்டு, எண்ணெய் வைத்துத் தலை தேய்த்துவிடாத குறை. எனக்கும் எல்லாம் உண்டு, குறையொன்றும் இல்லை. ஆனால் அவனுக்குப் பரிமாறிவிட்டுத்தான் எனக்கு. நானோ ஒரு வாய் சாப்பிட்டதும், போதும்மா, போதும்மா என்று எழுந்துவிடுவேன்.

எழுபதுகளின் நடுவில் வளைகுடா நாடுகளுக்கு ஃபிட்டர்களை எடுக்க ஆரம்பித்தார்கள். ஜெயபாலுக்கு வேலை கிடைத்தது. ஸ்டோர்ஸ்காரனை யாரும் கேட்கவில்லை. கிளம்புகிற அன்று கொட்டகைச் சாவியை என் கையில் வைத்தான்.

"வண்டிங்கள நீ பாத்துக்கோ நைனா. அம்மாகிட்ட மாசா மாசம் போய்க்கினு வா."

யோசித்துப் பாருங்கள். நான் யார்மீது பொறாமைப்பட்டேனோ அவனுடைய வண்டிகள் எல்லாம் என் கையில். முதல் ஞாயிறு கொட்டகையைத் திறந்து நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ராஜா மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். வாட்ச்மேன் மாதிரி இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஜெயபாலிடமிருந்து தகவல் உண்டா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

பழவேற்காட்டுக்கு நான் தனியாகப் போன முதல் மாதம், அம்மா எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அவன் வெளிநாடு போன விவரத்தைச் சொன்னேன். அங்கே சாப்பாடு எப்படி, வெயில் எப்படி என்றெல்லாம் கேட்டார். பிறகு வண்டி ஓடட்டும் என்றார். நான் நெம்புகோலைப் பின்னால் இழுத்தேன். ஜெயபால் அளவுக்கு எனக்கு அந்த நிதானம் கைகூடவில்லை என்று எனக்கே தெரிந்தது. பழகப் பழகத்தான் வந்தது. கொஞ்ச காலத்தில் தெருமுனையிலேயே இழுத்துவிட்டு, டக் டக் என்று வீடுவரை அதே தாளத்தில் வரக் கற்றுக்கொண்டேன்.

இரண்டு வருஷம் ஆகியிருக்கும். அம்மாவுக்குக் கண் பார்வை போக ஆரம்பித்தது, நினைவும் தடுமாறியது. ஒரு மாதம் நான் வண்டியை நிறுத்தும்போது உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஜெயபால் வந்துட்டான் பாரு." அது அவன் இல்லை என்று நூர்ஜஹான் திருத்தினாள். அடுத்த மாதமும் அப்படியே. அவள் திருத்தத் திருத்த அம்மாவுக்குக் குழப்பம் அதிகமாகியது, அழ ஆரம்பித்தார். நான் நூர்ஜஹானை வெளியே கூப்பிட்டு, விட்டுவிடும்மா, நான் ஜெயபாலாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்றேன். அவள் சங்கடத்தோடு, "ஒங்களுக்குக் கஷ்டமா இல்லியாண்ணே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

அப்படி ஒரு மழைக்காலம் முழுக்க நான் ஜெயபாலாக இருந்தேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். டீ மட்டும்தான் என்பேன். உடனே கஞ்சி வரும். அவன் குடித்த அதே கிண்ணத்தில் குடித்தேன். அவன் பெயருக்குத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் தலையில் கைவைக்கும்போது அது என் தலை இல்லை என்று நினைத்துக்கொள்வேன்.

தை பிறந்து நான் போன அன்றுதான் கடைசி என்று அப்போது தெரியாது. அம்மா கட்டிலில் படுத்திருந்தார். வண்டிச் சத்தத்தை முடித்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயபால், ஒன் கூட்டாளி ஒருத்தன் வருவானே. அவன் எங்க?"

நான் மறு கையால் அவர் போர்வையைச் சரிசெய்தேன்.

"பக்கத்துல நிப்பான். சோறு போட்டா ஒரு வாய் தின்னுட்டு எந்திரிச்சிடுவான். நல்ல புள்ள. அவனுக்கு நான் ஒண்ணுமே குடுக்கல, பாரு."

"அவன் நல்லா கீறாம்மா" என்றேன்.

"அவன ஒரு தடவ கூட்டிக்கினு வா வாப்பா."

சரி என்றேன். நான்தான் அது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவருக்கு மறுபடி குழப்பமாகும், அழுவார். சொல்லவில்லை. வெளியே வந்து வண்டியை உதைத்தேன், எத்தனை உதைத்தும் அது கிளம்பவில்லை. தெருவில் நின்றிருந்த மீனவர்கள் இரண்டு பேர் தள்ளிவிட்டார்கள்.

அடுத்த மாதம் போவதற்குள் தகவல் வந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. நூர்ஜஹானிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினேன். எனக்கு அழுகை வரவில்லை. வரவேண்டும் என்று ரோட்டோரம் வண்டியை நிறுத்திக் காத்திருந்துகூடப் பார்த்தேன்.

ஜெயபால் லீவில் வந்தான். கழுத்தில் செயின், கையில் டேப் ரெக்கார்டர், உடம்பில் சென்ட் வாசனை. வந்த மறுநாளே பழவேற்காட்டுக்குப் போகவேண்டும் என்றான். போனோம். முற்றத்தில் கால் வைத்ததும் தான் மயங்கி விழுந்த அந்தக் காலி மூலையைப் பார்த்து, குழந்தைபோலக் குலுங்கிக் குலுங்கி அழுதான். நூர்ஜஹானும் அவனோடு அழுதாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து அவனைத் தேற்றினார்கள். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாதா மாதம் வந்தவன் நான். ஒரு சொட்டுகூட வராத என் கண்களை நினைத்தேன், அவன் சட்டென்று அழுத அழுகையைப் பார்த்தேன். அந்த அழுகையின்மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆமாம், அதன்மேலும்.

அந்த லீவிலேயே அவனுக்குக் கல்யாணம் நடந்தது. வீடு கட்ட வேண்டும், தங்கைக்கும் மாப்பிள்ளை பார்க்க வேண்டும். வண்டிகளை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தான். பழைய வண்டிகளை வாங்கி இங்கிலாந்துக்கே திருப்பி அனுப்புகிற வியாபாரி ஒருவர் மெட்ராஸிலிருந்து வந்து பார்த்தார். பழவேற்காட்டு வண்டியைச் சேர்த்துக் கொடுத்தால்தான் மற்றதை எடுப்பேன் என்றார். ஜெயபால் தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்திருந்தான். என்னைத் தனியே அழைத்து, வியாபாரி கேட்கிற அந்த ஒன்றைத் தவிர எது வேண்டுமானாலும் நீ எடுத்துக்கொள் என்றான். நிஜமாகவே மனதாரச் சொன்னான். எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். எனக்கு எதுக்கு, வைக்க இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. மனைவியைக் கூப்பிட்டான்.

"நல்லா பாத்து வச்சிக்கோ இவன. நான் பாத்த ஆளுங்கள்ல பொறாமைன்னா இன்னான்னே தெரியாதவன் இவன் ஒருத்தன்தான்."

அந்தப் பெண் மரியாதையோடு கைகூப்பினாள். நானும் கூப்பினேன். மரப்பெட்டிகள் லாரியில் ஏறியபோது பழவேற்காட்டு வண்டி இருந்த பெட்டியை நான்தான் கயிறு போட்டுக் கட்டினேன். லாரி சோழவரம் பக்கம் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தோம். முகம் தெரியாத ஒரு வெள்ளைக்காரன் அந்த வண்டியை எங்கோ உதைத்து ஸ்டார்ட் செய்வான். அவனுக்கு அந்த நெம்புகோலை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று தெரியப்போவதில்லை. அது ஒன்றுதான் அன்றைக்கு எனக்கு ஆறுதல்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைப் பக்கம் போகிற லாரிகள் பகலெல்லாம் அந்தச் சாலையில் வரிசையில் நிற்கின்றன. சோழவரத்து ஓடுபாதையில் பந்தயம் நின்று எத்தனையோ காலம் ஆகிறது. பழவேற்காட்டு வீட்டைப் பிரித்துக் கடைகளாகக் கட்டிவிட்டார்கள். நூர்ஜஹான் கல்யாணமாகி எங்கே போனாள் என்று தெரியவில்லை. என் மூன்று கம்பெனி வண்டியை யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதும் நினைவில்லை.

ஜெயபால் சில வருஷங்களுக்கு முன் பெரம்பூரில் அவன் கட்டிய வீட்டில் காலமானான். போயிருந்தேன். அவன் மனைவிக்கு இப்போது தலை முழுக்க நரை. என்னை அடையாளம் கண்டுகொண்டு, பிள்ளைகளை வரிசையாகக் கூப்பிட்டுக் காட்டினாள். "அப்பா சொல்வாரே, பொறாமையே இல்லாதவருன்னு, அந்த மாமா இவருதான்" என்றாள். பிள்ளைகள் என் காலைத் தொட்டார்கள். என்னோடு ஒரே அறையில் வருஷக்கணக்காக இருந்தவன், கடைசிவரை அதை நம்பியிருக்கிறான். என்னைப் பற்றி அப்படி நம்பியவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். அவனைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எடுக்கிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.